வேனில் ஒரு சீட்டு காலி

தனியார் கலைக்கல்லூரியில் உதவிப் பேராசிரியர் என்பவர் பத்து மாதம் பாடம் நடத்துவார். மீதி இரண்டு மாதம் பாடம் கேட்க ஆள் தேடுவார். பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே எங்களை வேனில் ஏற்றி ஊர் ஊராக இறக்கிவிடுவார்கள். தருமபுரிப் பக்கத்துக் கிராமங்களில் எங்களுக்கு ‘புள்ள புடிக்கிறவங்க’ என்று பெயர். முனைவர் பட்டம் வாங்கியதற்கு மேல் கிடைத்த கூடுதல் பட்டம் இது. மே மாத வெயிலில் ஒரு கையில் குடையும் மறு கையில் கல்லூரிக் கையேடுமாக, நாய் குரைக்கிற வாசலில் நின்று, “அம்மா, பிளஸ் டூ படிச்ச பிள்ளை இருக்குதுங்களா?” என்று நீங்களும் கேட்டிருந்தால் கையைக் கொடுங்கள். நாம் ஒரே இனம்.

டீசல் யார் ஊற்றுவது

எங்கள் தாளாளர் முதலில் லாரி ஓட்டினார், பிறகு லாரி வைத்திருந்தார், பிறகு கல்லூரி வைத்தார். அதனால் எதையும் வண்டிக் கணக்கில்தான் சொல்வார். கம்ப்யூட்டர் துறைக்கு இரண்டு பஸ், வணிகவியலுக்கு ஒரு பஸ், கணக்குக்கு அரை பஸ். என்னுடைய வரலாற்றுத் துறைக்கு ஒரே ஒரு வேன். அந்த வேனும் போன வருஷம் பாதி காலியாக வந்து போனது. இந்த வருஷம் வேன் நிறையவில்லை என்றால் முதலாண்டு வகுப்பே கிடையாது, துறையை மெல்ல இழுத்து மூடிவிடலாம், என்னை விடுதிச் சமையலறையை மேற்பார்வை பார்க்க அனுப்பிவிடலாம் என்று ஊழியர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

துறையில் என்னோடு இருக்கும் இன்னொரு ஆசிரியை பிரசவ விடுப்பில் இருந்தார். ஆகவே போர்க்களத்தில் நான் மட்டும்தான். எனக்குச் சாம்பாருக்குப் பருப்பு அளக்கத் தெரியாது. வரலாறு சொல்லத் தெரியும். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும்படி சொல்லத் தெரியும் என்று ஒரு கர்வமும் உண்டு. அந்தக் கர்வத்தில் எழுந்து நின்று, நாட்டுக்கு வரலாறு எவ்வளவு முக்கியம் என்று கொஞ்ச நேரம் பேசினேன். தாளாளர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்:

“எல்லாஞ் செரிங்க மேடம். காலி வண்டிக்கு நான் டீசல் ஊத்த மாட்டேன்.”

சொம்பு யார் கைக்கு வருகிறது

எனக்கு ஜோடியாகக் கணக்குத் துறை செல்வம் சாரைப் போட்டு, என் துறையின் அதே வேனில் அனுப்பினார்கள். நல்ல மனுஷர். ஆனால் அவருக்கும் அரை பஸ் நிறைய வேண்டும். ஒரே வீட்டில், ஒரே பிள்ளையிடம், ஒருவர் கணக்கு எடு என்றும் இன்னொருவர் வரலாறு எடு என்றும் சொன்னால் அடிதடி ஆகிவிடாதா? அதற்காக எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் வரும். அந்தச் சொம்பு யார் கைக்கு முதலில் வருகிறதோ, அவர்தான் முதலில் பேச வேண்டும். முதலில் பேசுகிறவருக்குத்தான் பிள்ளை விழும் என்பது எங்கள் தொழில் அனுபவம். செல்வம் சார் ஒவ்வொரு வீட்டிலும் சமையலறைக் கதவுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்காருகிறார் என்பதை நான் மூன்றாவது ஊரில்தான் கவனித்தேன்.

கடத்தூருக்குப் பக்கத்தில் ஒரு வீடு. அன்று நான் முந்திக்கொண்டேன். சொம்பு எனக்கே வந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஆரம்பித்தேன். வரலாறு எடுத்தால் பி.எட். படித்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஆகலாம், வாத்தியார் வேண்டாம் என்றால் குரூப் ஃபோர் எழுதலாம், குரூப் டூ எழுதலாம், பொது அறிவுத் தாளில் பாதி எங்கள் பாடம்தான் என்று விரல் விட்டுச் சொன்னேன். பிறகு செல்வம் சார், கணக்கு எடுத்தவனைப் பள்ளிக்கூடம் தேடி வந்து கூட்டிப் போகும் என்றார். பையனுடைய அப்பா தக்காளிக் கூடைகளைக் கட்டிக்கொண்டே இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நாங்கள் என்ன படித்தோம் என்று விசாரித்தார். எம்.ஏ., பிஎச்.டி. என்றேன். எம்.எஸ்சி., எம்.ஃபில். என்றார் செல்வம் சார். அரசு வேலைக்கு எழுதவில்லையா என்று பையனுடைய அப்பா கேட்டார். தேர்வு வரும்போதெல்லாம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். அவர் கூடையைக் கீழே வைத்தார்.

“ஏனுங்க, வழி இவ்வளவு நல்லாத் தெரிஞ்ச நீங்க ரெண்டு பேரும் எதுக்குங்க எங்கூட்ல உக்காந்திருக்கீங்க?”

மாமரத்தில் முதல் சேர்க்கை

இண்டூரில் ஒரு பையன் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டுப் போனோம். பெயர் நவீன். அவன் அம்மா வாசலிலேயே நின்று, பையன் ஊரில் இல்லை, ஓசூருக்குப் போய்விட்டான் என்றார். சொல்லும்போது அவர் கண் அடிக்கடி வீட்டுக்குப் பின்னால் இருந்த மாமரத்துக்குப் போய் வந்தது. நானும் பார்த்தேன். கிளை நடுவே இரண்டு கால்கள் தொங்கின. அன்று காலையிலிருந்தே நாலைந்து கல்லூரிக்காரர்கள் வந்து பேசியதில் பையனுக்குத் தலை சுற்றி, மரம் ஏறிவிட்டானாம். நாங்கள் மரத்தடிக்கே போனோம். சொம்பு வர வாய்ப்பில்லாத இடம் என்பதால், நானே அண்ணாந்து பார்த்துப் பேச ஆரம்பித்தேன். கழுத்து வலிக்க வலிக்க மௌரியர் முதல் மாவட்ட ஆட்சியர் வரை சொன்னேன். பையன் ஒரு மாங்காயைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டான். செல்வம் சார் வாயைத் திறந்தபோது, கணக்கு என்ற சொல்லைக் கேட்டதுமே இன்னும் ஒரு கிளை மேலே ஏறிவிட்டான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் வேனுக்கு முதல் ஆள் கிடைத்துவிட்டான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. பேரம் மட்டும்தான் பாக்கி.

“மேடம், வேன் எங்கூட்டு வரைக்கும் வரும்னா எறங்கறேன். மெயின் ரோட்லதான் நிக்கும்னா இங்கியே இருந்துக்கறேன்.”

மொரப்பூர் சந்தேகங்கள்

மொரப்பூர் ஸ்டேஷனைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். அங்கே கௌசல்யா என்று ஒரு பெண். கணக்கில் புலி. வாத்தியார் வேலைக்குத்தான் போவேன், கணக்குத்தான் எடுப்பேன் என்று நாங்கள் உட்காரும் முன்பே சொல்லிவிட்டாள். செல்வம் சார் முகம் மலர்ந்தது. நான் கையேட்டை மூடிவிட்டேன். ஆனால் அவள் அம்மா மல்லிகா விடவில்லை. தையல் மெஷினை நிறுத்திவிட்டு என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அவ கெடக்கறா, நீங்க வரலாறு சொல்லுங்க” என்றார்.

அப்படிக் கேட்டால் எனக்குச் சொல்லவா வேண்டும்? சொல்லச் சொல்ல அந்தம்மா கேள்வி மேல் கேள்வி கேட்டார். பாடமெல்லாம் தமிழிலேயே இருக்குமா? இங்கிலீஷ் வராவிட்டால் வெளியே அனுப்பிவிடுவீர்களா? படிப்பை விட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தால் ஏறுமா? குரூப் டூ தேர்வுக்கு வயசு வரம்பு உண்டா? இப்போதுதான் பரீட்சை எழுதி முடித்த பெண்ணுக்கு எதற்கு இதெல்லாம் என்று எனக்கு ஆச்சரியம். பிற்படுத்தப்பட்ட பிரிவினர் பட்டம் வாங்கியிருந்தால் வயசு தடையில்லை என்று சொல்லிவிட்டு, பதினேழு வயசுப் பெண்ணுக்கு இப்போதே ஏன் அந்தக் கவலை என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். வழியனுப்ப வந்தவர் வேனுக்குள் எட்டிப் பார்த்து, ஏறி, ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்து ஆட்டியும் பார்த்தார். பெண்ணைப் பெற்றவர்கள் பாதுகாப்பு பார்ப்பது வழக்கம்தான். இறங்கும்போது கேட்டார்:

“சாயங்காலம் நாலரைக்குள்ள வண்டி இங்க திரும்பிருமுங்களா மேடம்? மாடு கறக்கற நேரம்.”

போலீஸ் சித்தப்பா

நம் பக்கத்தில் பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்று பிள்ளை முடிவு செய்வதில்லை, அப்பா அம்மாவும் முடிவு செய்வதில்லை. உறவு முழுக்கத் தேடினால் அரசு வேலையில் ஒருவர் இருப்பார். அவர்தான் முடிவு செய்வார். அவர் என்ன வேலையில் இருக்கிறார் என்பது முக்கியமில்லை. கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருந்தாலும் பேத்தி விண்வெளி படிக்கலாமா என்று அவரிடம்தான் கேட்பார்கள். கடத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் அந்தப் பதவி போலீஸ் சித்தப்பாவுக்கு. அவர் சேலத்தில் சாலையில் பணியில் நிற்கிறார். போனை ஸ்பீக்கரில் போட்டு, தானியக் குதிர் மேல் சாய்த்து வைத்து, என்னை அதன் முன் நிறுத்தினார்கள். ஒரு போனுக்கு நான் வணக்கம் சொன்னது அதுவே முதல் முறை.

நான் வரலாறு என்று தொடங்கியதும், “முடியாது, முடியாது, ஓரங்கட்டு” என்று அந்தப் பக்கம் ஒரு கத்தல். வீட்டில் எல்லார் முகமும் தொங்கிவிட்டது. பையனின் அம்மா என் கையேட்டை மரியாதையாக என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகுதான் தெரிந்தது, சித்தப்பா ஒரு மணல் டிராக்டரை நிறுத்திக்கொண்டிருந்தார். டிராக்டர் ஓரங்கட்டியதும் நிதானமாகப் பேசினார். கணக்கா வரலாறா, எது எடுத்தால் அரசு வேலை உறுதி என்று வீட்டார் கேட்டார்கள். நானும் செல்வம் சாரும் போன் பக்கம் காதை நீட்டினோம். சித்தப்பா சொன்னார்:

“எனக்கு டிகிரியப் பத்தியெல்லாம் தெரியாதுங்க மேடம், நான் ஓடித்தான் வேலை வாங்குனேன். பையன் ஓடுவானா, அதைச் சொல்லுங்க.”

தொண்டை கட்டிய நாள்

வெயிலும் ஊர் ஊருக்கு மாறுகிற தண்ணீரும் சேர்ந்து ஒருநாள் என் தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. காற்றுதான் வந்தது, சொல் வரவில்லை. என் வேனில் அப்போது சில சீட்டுகள்தான் நிறைந்திருந்தன. ஒருநாள் வீணானாலும் சமையலறை ஒரு முழம் பக்கத்தில் வந்துவிடும். நான் கண்ணால் கெஞ்சியதைப் பார்த்து, அன்று ஒருநாள் எனக்கும் சேர்த்துத் தானே பேசுவதாகச் செல்வம் சார் ஒப்புக்கொண்டார். பத்து நாளாக என்னுடைய பேச்சை வீட்டுக்கு வீடு கேட்டு அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

மனுஷர் என்னமாய்ப் பேசினார் தெரியுமா? நான் சொல்லும் இடத்தில் நிறுத்தி, நான் கை வீசும் இடத்தில் கை வீசி, நான் ஒருநாளும் சொல்லாத ஹரப்பாவின் சாக்கடை அமைப்பை வேறு சேர்த்துக்கொண்டார். அந்த ஊரில் போன எல்லா வீட்டிலும் பிள்ளைகள் வரலாறு என்றார்கள். கணக்கு என்று ஒரு வீட்டில்கூடச் சொல்லவில்லை. மாலையில் வேன் திரும்பும்போது நான் சைகையால் நன்றி சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் கைப்பையிலிருந்து மிளகு மிட்டாயை எடுத்து என் கையில் திணித்தார்.

“இதை உடனே சப்புங்க மேடம். இன்னும் ரெண்டு நாள் உங்க தொண்டை இப்படியே இருந்தா எங்க துறையை நானே மூடிருவேன்.”

மறுபடியும் மொரப்பூர்

தொண்டை சரியானதும் முதல் போன் மல்லிகா அம்மாவிடமிருந்துதான். தினமும் மதியம் நான் சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்து அழைப்பார். வகுப்பில் முதல் பெஞ்சில் யார் வேண்டுமானாலும் உட்காரலாமா என்பார். சேலை கட்டி வரலாமா, சுடிதார்தான் போட வேண்டுமா என்பார். கௌசல்யா சேலை கட்டினால் அழகாகத்தான் இருப்பாள் என்று சொல்லிவைத்தேன். நீங்களும் குரூப் டூ எழுதுகிறீர்களா என்று ஒருநாள் கேட்டார், இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். என்ன கேட்டாலும் கடைசியில், யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிடுவார். செல்வம் சார் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“அந்தப் பொண்ணு எனக்குத்தான் வரும், நீங்க பாட்டுக்கு இலவச சேவை செய்யுங்க மேடம்.”

நடமாடும் சாட்சி

வரலாறு படித்தால் வேலை கிடைக்கும் என்று நான் சொன்னால் நம்பாதவர்களுக்கு, வேலை கிடைத்தவனையே கூட்டிப் போய்க் காட்டினால் என்ன? என் பழைய மாணவன் ஒருவன் கிராம நிர்வாக அலுவலராக ஆகி, நாங்கள் சுற்றிக்கொண்டிருந்த பகுதிக்கே மாற்றலாகி வந்திருந்தான். அவன் அலுவலகத்துக்கே போய், பத்து நிமிஷம் வாப்பா என்று கையோடு இழுத்து வந்து ஒரு வீட்டில் உட்கார வைத்தேன். விஏஓ வந்திருக்கிறார் என்றதும் பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள், பாதிப் பேர் பட்டா மாறுதலுக்காக. சொம்பு நேராக அவனுக்குப் போனது. எங்கள் ஒப்பந்தத்தில் அதற்கு விதி இல்லை.

நான் பெருமையோடு, இவர் என் மாணவர், வரலாறு படித்துத்தான் இந்த வேலைக்கு வந்தார் என்றேன். பையன் உத்தமன், பொய் சொல்ல மாட்டான். தேர்வில் தன்னைக் கரை சேர்த்தது கணக்குக் கேள்விகள்தான், அதை மாலையில் மரத்தடியில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் இதோ இந்தச் செல்வம் சார்தான் என்று எழுந்து அவர் காலைத் தொட்டான். செல்வம் சார் கூரையைப் பார்த்து அடக்கமாகப் புன்னகைத்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்படியானால் என் வகுப்பால் உனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லையா என்று பாதி விளையாட்டாகவும் பாதி அழுகையாகவும் கேட்டேன். பையன் பதறிப்போய்விட்டான்.

“அப்படியெல்லாம் இல்லீங்க மேடம். உங்க வகுப்புல நல்லாத் தூங்குனதாலதான் சாயங்காலம் கணக்கு மண்டையில ஏறுச்சு.”

கடத்தூர் மைசூர்பா

கடத்தூரில் மூன்று தோழிகள். ஒரே தெரு, ஒரே பள்ளி, ஒரே மாதிரி பின்னல். மூன்று பேருமே வரலாறு என்று என் கையில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். அவர்களை வைத்துத்தான் நான் தைரியமாக இருந்தேன். மூன்று சீட்டுகளை மனசுக்குள் துண்டு போட்டு வைத்துவிட்டேன். சேர்க்கை முடிய ஒரு வாரம் இருக்கும்போது கடத்தூர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் மூவரும் ஓடி வந்தார்கள். கையில் மைசூர்பா டப்பா. என் வாயில் ஆளுக்கொரு துண்டு ஊட்டினார்கள். என் வாய் நிறைந்திருந்ததால், எந்தக் கல்லூரி என்று கேட்பதற்கு நேரமாகிவிட்டது.

அரசுக் கல்லூரியில் மூவருக்கும் வரலாறு கிடைத்துவிட்டதாம். நான் சொல்லாவிட்டால் அப்படி ஒரு பாடம் எடுக்கலாம் என்றே தெரியாதாம். கண்ணில் நீர் வர நன்றி சொன்னார்கள். என் கண்ணிலும் நீர் வந்தது, அது வேறு நீர். ஆனாலும் சொல்கிறேன், கோபம் வரவில்லை. மூன்று பெண்கள் வரலாறு படிக்கப் போகிறார்கள். அதில் ஒருத்தி, என்னைத் தேற்ற வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, கடைசித் துண்டையும் என் கையில் வைத்தாள்.

“தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். நீங்கதான சொன்னீங்க, கவர்மெண்டு வேலைக்குத்தான் போகணும்னு? அதான் கவர்மெண்டுலயே ஆரம்பிச்சுட்டோம்.”

ஜன்னலோர சீட்டு

சேர்க்கையின் கடைசி நாள். தாளாளர் சொன்ன சொல் தவறாதவர். சேர்ந்த வரலாற்றுப் பிள்ளைகளை எல்லாம் வரச்சொல்லி, கல்லூரி வாசலில் வேனை நிறுத்தி, அதில் ஏறி உட்காரச் சொல்லிவிட்டார். நவீன் மாமரத்திலிருந்து இறங்கி வந்து ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். போலீஸ் சித்தப்பா விசாரித்த பையன் ஓட மாட்டான் என்று தெரிந்துவிட்டதால் அவனும் வந்திருந்தான். செல்வம் சார் என் தொண்டைக்காகப் பேசிப் பிடித்துக் கொடுத்த பிள்ளைகளும் இருந்தார்கள். வேன் கலகலவென்று இருந்தது. தாளாளர் படியில் ஏறி நின்று, கண்டக்டர் மாதிரி தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். இறங்கி வந்தார். நடுவில் ஜன்னலோரம் ஒரு சீட்டு காலி.

ஒரு சீட்டுதானே என்று கெஞ்சினேன். செல்வம் சாரும் எனக்காகக் கெஞ்சினார். ஒரு சீட்டை விட்டால் அடுத்த வருஷம் இரண்டு சீட்டை விடச் சொல்வீர்கள் என்றார் தாளாளர். அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும். நான் போனில் இருந்த அத்தனை எண்களுக்கும் பேசிப் பார்த்துவிட்டு, வேன் நிழலில் போய் நின்றேன். ஒன்பது வருஷம் இந்தக் கல்லூரியில் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தக் காலி சீட்டைப் பார்க்கப் பார்க்க அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது டவுன் பஸ்ஸிலிருந்து மல்லிகா அம்மா இறங்கி, மஞ்சப்பையை அணைத்துக்கொண்டு வேகவேகமாக நடந்து வந்தார். தனியாக வந்தார். கௌசல்யா எங்கே என்று நானும் செல்வம் சாரும் ஒரே நேரத்தில் கேட்டோம். அவளுக்கு அரசுக் கல்லூரியில் கணக்கு கிடைத்துவிட்டது, சேர்த்துவிட்டேன் என்றார். செல்வம் சார் முகம் வாடியது. எனக்குக் கடைசி மூச்சும் போனது. நல்லதும்மா, சந்தோஷம் என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போனேன். அவர் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தி, மஞ்சப்பையிலிருந்து பழுப்பேறிய பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழை எடுத்து நீட்டினார். அதில் இருந்த பெயர் மல்லிகா.

படிப்பை விட்டு ரொம்ப நாள் ஆனால் ஏறுமா, வயசு வரம்பு உண்டா, சேலை கட்டி வரலாமா, நாலரைக்குள் வேன் திரும்புமா. ஒவ்வொரு கேள்வியாக என் தலைக்குள் வந்து சரியான இடத்தில் உட்கார்ந்தது. பிளஸ் டூ முடித்த அடுத்த தையில் கல்யாணம் ஆனவர் அவர். பெங்களூரில் கட்டட வேலை பார்க்கும் கணவரிடம் கேட்டிருக்கிறார். வேன் வீட்டு வாசலுக்கு வருமா என்று மட்டும் அவர் கேட்டாராம். வரும் என்றதும், அப்போ போ என்றாராம். எங்கள் அலுவலகத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டு விசாரித்து, சேர்க்க வயசு தடையில்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். தாளாளர் மட்டும் அரை மனதாக நின்றார். நாற்பதை நெருங்குகிறவர் மூன்று வருஷம் தவறாமல் வருவாரா என்று இழுத்தார். மல்லிகா அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்து, “விடியக்காலம் மாடு கறந்து, சோறாக்கி, புள்ளைய பஸ் ஏத்தி விட்டுட்டு வர்றவளுங்க நானு, உங்க வண்டிதான் நேரத்துக்கு வரணும்” என்றார். நேரத்துக்கு வண்டி என்ற பேச்சு லாரிக்காரருக்குப் புரிந்தது. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஐந்து மணிக்கு முன்னாலேயே சேர்க்கை முடிந்தது. மல்லிகா அம்மா வேனில் ஏறி, முன்பே பார்த்து வைத்திருந்த அதே ஜன்னலோர சீட்டில், கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நவீன் விசில் அடித்தான். நான் ஜன்னலுக்குக் கீழே நின்று சிரித்துக்கொண்டே அழுதேன். செல்வம் சார் கைக்குட்டை கொடுத்தார், பிறகு திருப்பிக் கேட்டு வாங்கி அவரும் துடைத்துக்கொண்டார். இத்தனை நாளாக உங்களுக்குத்தான் கேட்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, உயிரே போய்விட்டதே என்றேன். மல்லிகா அம்மா ஜன்னலுக்கு வெளியே குனிந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னைக்கு நீங்க எம்பொண்ணுக்குத்தான் சொன்னீங்க, கேட்டது நானுங்க. அது கெடக்குது மேடம், நீங்களும் இன்னும் எழுதிக்கிட்டுத்தான இருக்கீங்க? குரூப் டூவுக்கு ரெண்டு பேரும் சேந்தே படிக்கலாமுங்க.”

அரசு வேலைக்கு எந்தப் பட்டம் நல்லது என்று தருமபுரி மாவட்டம் முழுக்க வழி சொல்லிச் சொல்லியே, என் தனியார் வேலையை இன்னும் ஒரு வருஷத்துக்குக் காப்பாற்றிக்கொண்டேன்.